எஞ்சினுக்குப் பூசிய கண்மை

பக்கத்து வீட்டுத் தம்பி நேற்று ஒரு பழைய காரின் எஞ்சினைப் பிரித்து, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சிமெண்டுத் தரையில் பரப்பி வைத்திருந்தான். மண்ணெண்ணெய் வாசனை ஜன்னல் வழியாக வந்து என்னைச் சமையற்கட்டிலிருந்து இழுத்துவிட்டது. சும்மா எட்டிப் பார்த்தேன்.

"அக்கா, தள்ளி நில்லுங்க. சேலையில எண்ணெ பட்டுடும். இதெல்லாம் மெசின் சமாச்சாரம்லா, ஒங்களுக்குப் புரியாது" என்றான்.

நல்ல பையன்தான். ஆனாலும் எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் இருந்த குழம்பு தீய்ந்து போனது. ஐம்பது வயதை நெருங்குகிறவள் சின்னப் பையனிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று திரும்பி வந்துவிட்டேன். அவனிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். நீங்களாவது குறுக்கே பேச மாட்டீர்கள்.

ஜப்பான்காரன் படையெடுத்து வருவதற்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன்பு, டத்தோ கிராமட் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இதே வாசனை பன்னிரண்டு நாள் அடித்தது. சோற்றில் மண்ணெண்ணெய், தலையணையில் மண்ணெண்ணெய், பிள்ளையின் தலைமுடியிலும் மண்ணெண்ணெய். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். கப்பல் துறை ஜெட்டியில் நின்று கப்பலில் வருகிறவர்களை ஏற்றிப் போவார். ஒருநாள் ஆயர் ஈத்தாம் பக்கம் சவாரி போனபோது எண்ணெய் ஒழுகிப் போனதைக் கவனிக்காமல் ஓட்டி, எஞ்சின் 'டொக் டொக்' என்று இடிக்க ஆரம்பித்துவிட்டது. பட்டறைக்காரர் தைப்பூசம் கழித்து வரச் சொன்னார். தைப்பூசத்துக்கு இருந்ததே இரண்டு வாரம். வருஷத்திலேயே சவாரிக்கு ஆள் அடித்துக்கொள்ளும் நாள் அதுதான்.

"நானே பிரிச்சுப் பாத்துடுறேன்" என்றார். ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி வைத்திருந்த மனிதர் இவர்.

நாலு பேர் எஞ்சினை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். கவிழ்த்துப் போட வசதியாக அதை உத்தரத்தில் தொங்கவிட வேண்டுமாம். கூடத்தில் ஒரே ஒரு நல்ல உத்தரம். அதில் பிள்ளையின் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டில் இறங்கியது, எஞ்சின் ஏறியது. ஆறு மாதப் பிள்ளையை சோப்பு வந்த சவர்க்காரப் பெட்டியில் பழைய சேலையை விரித்துப் படுக்க வைத்தேன். என் அரிசிச் சல்லடையில் நட்டுகள், இட்லித் தட்டின் குழிகளில் ஸ்பிரிங்குகள். கேட்டால், "அளவா இருக்குல்ல?" என்பார்.

எஞ்சினுக்குள் ஒரு தண்டு சுற்றும். அதைத் தாங்குகிற பேரிங்குகள்தான் உருகிப் போயிருந்தன. அந்தக் காலத்தில் அவை கடையில் தயாராகக் கிடைக்காது. சீனர் பட்டறையில் ஈயம் உருக்கி ஊற்றித் தருவார்கள். வீட்டில் வைத்து, தண்டுக்குப் பொருந்தும் வரை சுரண்ட வேண்டும். தண்டின் மேல் கறுப்பு பூசி, பேரிங்கை வைத்துச் சுற்றிப் பார்த்தால் மேடு இருக்கிற இடத்தில் கறுப்பு ஒட்டும். அதை மட்டும் சுரண்ட வேண்டும். அவ்வளவுதான் வித்தை. இவரும் இவருடைய கூட்டாளி சுப்பையா அண்ணனும் விளக்குக் கரியை எஞ்சின் எண்ணெயில் குழைத்து, சுவருக்குச் சாந்து பூசுகிற மாதிரி பூசினார்கள். பள்ளம் மேடு எல்லாவற்றிலும் கறுப்பு ஒட்டியது. எல்லாவற்றையும் சுரண்டினார்கள். நாலு நாள் வீணாய்ப் போனது.

நான் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குக் கண்மை நானே காய்ச்சுவேன். விளக்கெண்ணெய்த் திரியின் புகையைத் தட்டில் பிடித்து, அதே எண்ணெயில் சொட்டு விட்டுக் குழைத்தால் வழவழவென்று வரும். மை திட்டாக இருந்தால் இமையெல்லாம் அப்பும். விரல் நுனியில் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குத் தொட்டு இழுக்க வேண்டும்.

"ஏங்க, கறுப்பு கெட்டியா இருக்கு. என் மையப் பூசிப் பாருங்க" என்றேன்.

"நீ போயி சோத்தப் பாரு."

சுப்பையா அண்ணன்தான், "பூசட்டுமேப்பா, நாம மட்டும் என்னத்தக் கிழிச்சோம்?" என்றார்.

பூசினேன். மூன்றே மூன்று இடத்தில் பொட்டு வைத்த மாதிரி கறுப்பு விழுந்தது. முக்கோண அரத்தைத் தீட்டிச் செய்த சுரண்டியை அண்ணன் என் கையில் கொடுத்தார். முதல் பேரிங்கை ஆசையில் அதிகம் சுரண்டிக் கெடுத்தது நான்தான். அதற்காக இவர் மறுபடி சீனர் பட்டறைக்கு ஓடினார். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மற்றவை எல்லாம் சரியாக வந்தன. பிள்ளை தூங்கும் நேரமெல்லாம் பூசுவேன், சுற்றுவேன், சுரண்டுவேன். நான் கை வைத்த ஐந்தாம் நாள் தண்டு ஒரு விரலுக்கே அசைந்து கொடுத்தது. இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"இது மட்டும் ஓடட்டும், மொத ஆளா நீதான் ஏறுற. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் வரைக்கும் மகாராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்" என்றார். நான் கேட்காமலேயே சொன்ன வார்த்தை அது.

கார் ஓடியது. சந்தே கூடி நின்று பார்த்தது. "யாருப்பா பேரிங் போட்டது?" என்று ஒரு டிரைவர் கேட்க, "நான்தான். அஞ்சு நாளு முதுகு ஒடிஞ்சு போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். கையில் காப்பித் தம்ளரோடு நான் அங்கேயேதான் நின்றேன். சுப்பையா அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேலும் எனக்குக் கோபம்தான்.

தைப்பூசத்தன்று பிள்ளைக்குப் புதுச் சட்டை போட்டு, தலையில் பூ வைத்து வாசலுக்கு வந்தால், கார் நிறைய ஆட்கள். கப்பல் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணியின் குடும்பம்.

"பெரிய கிராணி வீட்டம்மாவால நடக்க முடியாதாம். நீ நடந்து பழகினவதானே" என்றார்.

நடந்தேன். மூன்று மைல் தூரமும் அவரை மனத்துக்குள் திட்டிக்கொண்டே நடந்தேன். முருகன் அன்றைக்கு என் மனத்திலிருந்து அந்தத் திட்டைத் தவிர வேறெதையும் கேட்டிருக்க மாட்டான். கோயிலில் அந்த அம்மாள் என்னைப் பார்த்து, "ஒன் புருஷன் காரு அலுங்காமப் போகுதும்மா" என்றார். "அந்த பேரிங்க நான்தாம்மா சுரண்டினேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு என் கையில் ஒரு வாழைப்பழத்தைக் கொடுத்தார். நானும் அதைத் தின்று தொலைத்தேன். பசி.

அடுத்த வருஷம் நான் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயில் ஏறுமுன் கிளம்பிவிட்டேன். பாதி வழியில் பின்னால் கார் வந்து நின்றது. உள்ளே ஒருவரும் இல்லை.

"ஏறு" என்றார்.

"யாரு செஞ்ச எஞ்சின்ல ஏறச் சொல்றீங்க?"

சுற்றிலும் காவடி பார்க்கப் போகிற கூட்டம். தெரிந்த முகங்கள். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு, "பிள்ளைக்கு வெயிலு படுது, ஏறு" என்றார்.

பிள்ளையை அவர் மடியில் வைத்துவிட்டு நான் நடந்தேன். அவரும் போய்விடவில்லை. என் நடைக்குத் தக்கபடி காரை உருட்டிக்கொண்டு அடிவாரம் வரை பக்கத்திலேயே வந்தார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அத்தனை மெதுவாகப் போனால் கெட்ட எஞ்சின் முனகிக் காட்டிக்கொடுத்துவிடும். அது ஒரு சத்தமும் போடவில்லை. பெருமையில் அழுகை வந்தது. அழுகை வந்ததில் கோபம் இன்னும் கூடியது.

அந்த வருஷக் கடைசியில் கார் கைமாறிப் போய்விட்டது. ஜப்பான்காரன் காலத்தில் காய்ச்சல் கண்டு அவரும் போய்விட்டார். அந்தச் சந்தில் இப்போது கடைகள். பேரிங்கெல்லாம் அட்டைப் பெட்டியில் தயாராக வருகிறதாம், பக்கத்து வீட்டுத் தம்பி சொன்னான். அதற்குப் பிறகு எத்தனையோ காரில் ஏறி இறங்கிவிட்டேன், அந்த ஒரு காரைத் தவிர. கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நீ செஞ்சதுதான்" என்று அவர் சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன்.