துணைக்கு வருபவர்

பல் மருத்துவமனையோ, அழகு நிலையமோ, நாய்க்கு நகம் வெட்டிவிடும் கடையோ, முன்பதிவு செய்துகொண்டு போய் உட்காரும் இடம் எதுவானாலும் முதலில் ஒரு படிவத்தைக் கையில் கொடுப்பார்கள். அந்தக் கேள்விகளை யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுதியிருப்பார் என்று எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த வட்டாரத்தில் அப்படி எழுதியவர் ஒருவர் இருந்தார். 'ஃபாரம்காரர்' என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். அவருடைய கைப்பேசியில் வாடிக்கையாளர்களின் எண்களும் 'பல்', 'முடி', 'முதுகு', 'நாய்' என்றே பதிவாகியிருந்தன.

மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியும் உண்டு, அதில் காகிதக் கட்டுகள் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், ஒரு நாள் அந்தப் பேச்சே நின்றுபோனது. தம்பி ஒருவன் கடல் கடந்து குடும்பத்தோடு இருந்தான்.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் படிவத்தை எழுதி முடித்தாலும், ஒப்படைப்பதற்கு முன் தானே ஒரு வாடிக்கையாளராக மாறி அதை நிரப்பிப் பார்ப்பார். அதுவும் இடது கையால். வலியோடும் அவசரத்தோடும் வருகிறவனுக்கு எழுதுவது எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டுமாம். பேனா எங்கே தயங்குகிறதோ அங்கே கேள்வி சரியில்லை என்று அர்த்தம். அழகு நிலையத்துக்காரி ஒரு முறை அதைப் பார்த்துவிட்டு, "தலையில எண்ணி நாலு முடி இல்ல, சாயம் போட்டா அரிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே சார்!" என்று சிரித்து ஓய்ந்தாள். நாய்க்கடைப் படிவத்தின்படி, எட்டு வயதான, கடிக்காத நாய் ஒன்று அவரிடம் இருந்தது. 'துணைக்கு வருபவர்' என்ற இடம் வந்தால் மட்டும் யோசிக்கவே மாட்டார். 'தம்பி' என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

கண் மருத்துவமனையின் படிவமும் அவர் செய்ததுதான். அறுவை முடிந்து கண்ணில் கட்டோடு தனியாகக் கிளம்பிய ஓர் அம்மாள் படியில் உருண்டு விழுந்ததும், டாக்டர் இவரைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு வருபவரின் பெயரும் எண்ணும் தராமல் தேதி உறுதியாகாதபடி கேள்வியைக் கட்டாயமாக்கியவர் இவர். அந்த எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று வரவேற்பு முன்மேஜைக்கு எழுதிக் கொடுத்தவரும் இவரே. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு அவருக்கே கண்ணில் புரை விழுந்தது. திரையில் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தன. ஒரு கட்டத்தை இரண்டு முறை போட்டுவிட்டு, 'பல்'காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அறுவை செய்கிற பெரிய டாக்டர் வெளியூரிலிருந்து எப்போதாவதுதான் வருவார். வரும் வியாழனை விட்டால் அவர் மறுபடி வருவதற்குள் பிழைப்பே கையை விட்டுப் போய்விடும்.

கண் மருத்துவமனையின் முன்மேஜைப் பெண் டேப்லெட்டை நீட்டினாள். மளமளவென்று நிரப்பிக்கொண்டு வந்தவரின் விரல் ஓர் இடத்தில் நின்றது.

"என்ன சார், நீங்க வச்ச கேள்வியில நீங்களே மாட்டிக்கிட்டீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "யார் பேரையாவது போடுங்க சார்."

"போட்டா நீ ஃபோன் பண்ணிக் கேக்கணுமே."

"பண்ணலைன்னா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேம்மா."

வீட்டுக்கு வந்து தம்பியை அழைத்தார்.

"அண்ணா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? இப்ப லீவுக்கு எங்க போவேன்?"

"வரச்சொல்லிக் கூப்பிடலடா. சும்மா சொன்னேன்."

"என் பேரைப் போட்டுக்கோ. ஃபாரத்துல தானே?"

"ஆமா, ஃபாரத்துல தான்" என்றார். இத்தனை வருஷமாக அதைத்தான் செய்துவருவதாகச் சொல்லவில்லை.

கைப்பேசியில் எண்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பல், முடி, முதுகு, நாய். யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்று கேட்பதில் தேர்ந்தவருக்கு, வியாழக்கிழமை கொஞ்சம் வர முடியுமா என்று கேட்க நாக்கு எழவில்லை.

அந்த மத்தியானம் கண் மருத்துவமனைப் படிவத்தைத் திறந்தார். 'துணைக்கு யாரும் இல்லை' என்று ஒரு கட்டம் போட்டார். படித்துப் பார்த்தபோது குற்றப்பத்திரிகை மாதிரி இருந்தது, அழித்தார். 'தனியாக வருகிறேன்' என்றால் டாக்டர் திருப்பி அனுப்பிவிடுவார். வெகுநேரம் கழித்து, மனைவி, கணவர், பிள்ளை, உறவினர், நண்பர் என்ற வரிசையிலேயே, அதே அளவு எழுத்தில், 'மருத்துவமனை அனுப்பும் ஆள்' என்று சேர்த்தார். இல்லை என்று ஒருவரும் எழுத வேண்டாம். இருப்பதில் ஒன்றைத் தொட்டால் போதும். ஆளை வீட்டில் விட்டதற்கு அத்தாட்சியாக ஒரு சீட்டையும் கையோடு தயாரித்தார்.

டாக்டர் முணுமுணுத்தார். "ஆளுக்கு நான் எங்க போறது?"

"மத்தியானம் வேலை முடிஞ்சு போற உதவியாளர் அம்மா இருக்காங்களே. டாக்ஸி செலவு நோயாளியோடது."

"உங்களுக்காகத்தானே இதெல்லாம்?"

"முதல்ல எனக்கு" என்றார்.

வியாழனன்று அறுவை நல்லபடியாக முடிந்தது. உதவியாளர் அம்மா வண்டி முழுக்க மகளோடு கைப்பேசியில் சண்டை போட்டுக்கொண்டே வந்தாள். ஆனால் படியேறும்போது அவர் முழங்கையை ஒரு கணமும் விடவில்லை. அறைக்குள் வந்ததும் நாற்காலியிலிருந்த காகிதக் கட்டை இறக்கி வைத்தாள். உட்காரத்தான் போகிறாள் என்று நினைத்தார். அவள் அவரைப் பிடித்து அதில் உட்காரவைத்துவிட்டு, பையிலிருந்து சீட்டை எடுத்தாள்.

"ஒப்படைத்தவர்னு நான் போட்டுட்டேன். பெற்றுக்கொண்டவர்னு இருக்கே சார், வீட்டுல யாரைக் கூப்பிடட்டும்?"

அந்தச் சீட்டையும் இடது கையால் நிரப்பிப் பார்த்துத்தான் கொடுத்திருந்தார். கை பழக்க தோஷத்தில் அங்கேயும் 'தம்பி' என்று எழுதியிருந்தது. பேனா தயங்கவே இல்லை.

"குடுங்க, நானே போடறேன்."

"உங்களை நீங்களே வாங்கிக்கறீங்களா? நல்ல கூத்து!" என்று சிரித்தாள் அவள்.

கட்டில்லாத கண்ணை இடுக்கிக்கொண்டு, வலது கையால் கையெழுத்துப் போட்டார்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாமே. தண்ணி குடிக்கறீங்களா?"

"ஐயோ, மகள் வாசல்லயே நிப்பா சார். நாளைக்குக் காலையில வரேன், கட்டுப் பிரிக்கணும்ல. கதவைத் தாழ் போட்டுக்கோங்க."

படியிறங்கும்போதே சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. தெருவுக்குப் போய் அந்தக் குரல் தேயும்வரை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தடவிக்கொண்டே போய்த் தாழ் போட்டார்.