பன்னிரண்டேகால் படகு

கேரளத்தில் சேர்த்தலைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் லிஜிக்கு வேலை. என்ன வேலை என்று அவள் ஊரான காயல் தீவில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல டைப் பண்றேன்" என்று முடித்துக்கொள்வாள். செய்தது வேறு. இணையத்தில் யாரும் சீண்டாமல் கிடக்கும் பழைய பக்கங்களை எடுத்து, தலைப்பை மாற்றி, ஜனங்கள் தேடுகிற சொற்களைக் கேள்வி பதிலாக நுழைத்து, கூகுளில் மேலே ஏற்றிவிடுவாள். கைராசிக்காரி, சும்மா சொல்லக் கூடாது. மலையாள இலக்கியம் படித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது பெரிய பேர்தான்.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தைத் தொட்டதும் மேலே தேதியைப் புதிதாக்கிவிட வேண்டும். புதுசு என்றால் கூகுளுக்கும் பிடிக்கும், படிப்பவருக்கும் பிடிக்கும். உள்ளே இருக்கும் சமாசாரம் இன்னும் உண்மைதானா? அதையெல்லாம் பார்க்க யாருக்கு நேரம்! டீம் லீடர் ரெஞ்சித்துக்குத் தினமும் ஒரே பாட்டு: "லிஜி, இன்னைக்கு எத்தனை பக்கம்?"

ஒரு பயணத் தளத்துக்காக வேம்பநாட்டுக் காயலின் படகு நேரங்கள் வந்தன. அதில் அவள் தீவும் ஒன்று. சிரித்துக்கொண்டே செய்தாள். "தீவுக்கு மதியப் படகு எத்தனை மணிக்கு?" என்று கேள்வி போட்டு, கீழே கொட்டை எழுத்தில் பன்னிரண்டேகால் என்று வைத்தாள். மேலே, "இந்த மாதம் சரிபார்க்கப்பட்டது." அந்தப் படகை நிறுத்தி ஒரு மழைக்காலம் போய்விட்டது, இப்போது ஒரு மணிக்குத்தான் மதியப் படகு. லிஜிக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று அவள் கண்ணில் படகு ஓடவில்லை, சொற்கள்தான் ஓடின. அடுத்த வாரமே பக்கம் முதலிடம். ரெஞ்சித் எல்லோருக்கும் பருப்பு வடை வாங்கித் தந்தான்.

பிறகு ஒரு சனிக்கிழமை, தீவுப் பள்ளியில் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சை. ஒன்றரைக்குக் கேட் மூடிவிடுவார்கள். லிஜி படகுத்துறையில் கமலாசனன் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஹால் டிக்கெட்டைப் பிடித்தபடி ஒருத்தி பள்ளிப் பக்கமிருந்து திரும்பி வந்து பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். தொடுபுழாக்காரி, பெயர் ஷீஜா.

"என்ன மோளே, எழுதலையா?" என்றார் கமலாசனன்.

"பத்து நிமிஷம் லேட்டு சேட்டா. காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன், கேட்டைத் தொறக்கலை. அக்கரைக்குப் பதினொண்ணுக்கே வந்துட்டேன், பன்னிரண்டேகால் படகுக்கு. அது வரவே இல்ல. ஒரு மணிப் படகுலதான் வர முடிஞ்சுது."

"அட கஷ்டமே! அது நின்னுபோய் எவ்வளவு நாளாச்சு! எந்தப் புண்ணியவான் சொன்னான் உனக்கு? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்க என்ன இருக்கு? தேடினா முதல்ல வந்ததே இதுதான். இந்த மாசம் சரிபார்த்ததுன்னு வேற போட்டிருக்கு." ஷீஜா போனை நீட்டினாள்.

"சரி விடு, அடுத்த தடவை எழுதலாம்."

"அடுத்த தடவை வயசு தாண்டிடும் சேட்டா. இதுதான் எனக்குக் கடைசி."

லிஜி எட்டிப் பார்த்தாள். போனில் இருந்தது அவள் போட்ட கேள்வி, அவள் வைத்த பதில். டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுந்தும் விட்டாள். ஆனால் ஷீஜாவின் முன்னால் போய் நின்றாள்.

"அதை எழுதினது நான்தான்," என்றாள். "பார்க்காம தேதியை மாத்திட்டேன். என்னை மன்னிச்சிடு."

ஷீஜா நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள், திட்டுவாள் என்று லிஜி காத்திருந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"சேச்சி எங்கிருந்து வர்றீங்க?"

"இங்கதான். இந்தத் தீவுதான்."

"இங்கயே இருந்துகிட்டா?"

படகு புறப்பட மணியடித்தது. ஷீஜா ஹால் டிக்கெட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.