மத்தியானத்தில் அளந்த தெரு

அந்தத் தள்ளுவண்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வண்டிமேல் தப்பு இல்லை. நல்ல வேப்பம்பலகையில் தச்சர் பார்த்துப் பார்த்துச் செய்த வண்டி. அதைத் தேர்ந்தெடுத்த லட்சணத்தைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் குடியிருந்த ஒரு தெருவில் ஏழு வருஷமாகத் தலையில் கூடை வைத்து இட்லி விற்றுக்கொண்டிருந்தேன். விடிந்ததும் வேலையில் இறங்குகிற வீடுகளில் அடுப்பு மூட்ட யாருக்கு நேரம்? யார் வீட்டுக்கு மிளகு தூக்கலாக வேண்டும், எந்த வீட்டுப் பிள்ளைக்குக் காரம் ஆகாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதை என் தெரு என்றுதான் சொல்லுவேன். ஒரு கூடை போதாமல் வீட்டுக்குத் திரும்பி இரண்டாம் நடை போவதற்குள் சாம்பார் ஆறிவிடும், கழுத்தும் விட்டுப்போகும். வண்டி ஒன்று வாங்கலாம் என்று முதலில் சொன்னவளே நான்தான். அந்த வாயை அன்றைக்கே தைத்திருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் கூரம் பக்கத்து விவசாயக் குடும்பம். அண்ணன்கள் நிலத்தைப் பிரித்துக்கொண்டதில் இவருக்குக் கிடைத்தது ஒன்றும் விளையாத ஒரு மேடு. அதை விட்டுவிட்டு ஊருக்குள் வந்து அரிசி மண்டியில் வேலை பார்த்தார். என் வியாபாரம் சூடு பிடித்ததும் மண்டியை விட்டுவிட்டு என்னோடு சேர்ந்துகொண்டார். சேர்ந்துகொண்டார் என்றா சொன்னேன்? மேற்பார்வை பார்க்க வந்தார்.

ஐஸ் விற்ற ஒருவர் தன் மூன்று சக்கர சைக்கிள் வண்டியை விற்கத் தயாராக இருந்தார். ஒடுக்கமான வண்டி, முன்னால் பெரிய பெட்டி. இட்லிப் பானை, சாம்பார்த் தூக்கு, மந்தாரை இலைக்கட்டு எல்லாம் அதில் அடங்கிவிடும். வீட்டிலேயே வேக வைத்துச் சூடாகக் கொண்டுபோகலாம். எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. அவருக்குப் பிடித்தது தச்சர் பட்டறையில் நின்ற நாலு சக்கரத் தள்ளுவண்டி. தகரக் கூரை, நடுவில் விறகடுப்பு, ஓரத்தில் தம்ளர் அடுக்கப் பலகை.

"இன்னாங்க, காலையில அந்தத் தெருவுல பாவு போட்டுக்கினு இருப்பாங்க. இவ்ளோ அகலம் ஒத்துவராது. அந்த மூணு சக்கரமே போதும்" என்றேன்.

"அத நான் ஏறி மிதிக்கணுமா? எங்க ஊரு ஆளு எவனாவது பாத்தா இன்னா சொல்லுவான்? ஏர் ஓட்டின குடும்பம் இப்ப ரிக்‌ஷா ஓட்டுதுன்னுவான்."

"தள்றதும் உடம்பு நோவற வேலதானே?"

"தள்றது கடைம்மா. மிதிக்கிறது கூலி."

அதற்கு மேல் என்ன பேச? சைக்கிள் வண்டியை நானே மிதித்திருப்பேன். அந்தக் காலத்தில் பொம்பளை அதைச் செய்தால் ஊரே கூடி வேடிக்கை பார்க்கும்.

புடவைக்கு நீளவாக்கில் ஓடுகிற பட்டு இழைகளைப் பாவு என்பார்கள். காலை இளவெயிலில் அதைத் தெரு நடுவே இழுத்துக் கட்டிக் கஞ்சி தெளித்து, குடும்பமே இரண்டு பக்கமும் நின்று இழை பிரித்துவிடும். சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போவார். வெயில் ஏறியதும் சுருட்டி எடுத்துவிடுவார்கள். என் வீட்டுக்காரர் போய்த் தெருவை அளந்தது மத்தியானத்தில். ஈ காக்கை இல்லாத தெருவில் கயிறு பிடித்து அளந்துவிட்டு, "ரெண்டு வண்டி போவும்மே" என்று சிரித்துக்கொண்டு வந்தார்.

முதல் நாள் வண்டிக்கு மாலை போட்டு, அடுப்பை எரியவிட்டுத் தள்ளிக்கொண்டு போனோம். தெருப் பாதியில் மாம்பழ மஞ்சளில் ஒரு பாவு. அந்த வீட்டுப் பெரியவர் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். "ஓரமா போயிடுவேன் சாமி, அளந்துதான் வச்சிருக்கேன்" என்று இவர் தள்ளினார். அளவு சரிதான். சக்கரம் பாவில் படவில்லை. ஆனால் காற்று திரும்பி, அடுப்புச் சாம்பலை அள்ளி ஈரப் பட்டின் மேல் கொட்டியது. கஞ்சி ஈரத்தில் அத்தனையும் ஒட்டிக்கொண்டது.

யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. அந்த வீட்டு அம்மா குனிந்து, நகத்தால் ஒவ்வொரு பொட்டாக எடுக்க ஆரம்பித்தார். நானும் பதறி உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"நீ தொடாதம்மா. உன் கையில எண்ணெ இருக்குது."

ஏழு வருஷம் என் கையால் சாப்பிட்டவர். அவர் சொன்னது நியாயம்தான். ஆனாலும் அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அந்த அம்மாவே சொல்லி அனுப்பினார்: அடுப்போட வராதே, முன்ன மாதிரி கூடையோட வா. எனக்கு உயிர் வந்தது. கூடையைக் கழுவி வெயிலில் வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பரண்மேல் போட்டார்.

"வண்டி வச்சிருக்கிறவன் பொண்டாட்டி தலையில கூட தூக்குவாளா? எனக்கு மானம் இருக்குது."

ஏழு வருஷம் தூக்கினபோது அந்த மானம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். வண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அதே மாதிரி வண்டிகள் வரிசையாக நின்றன. அவசரத்தில் விழுங்கிவிட்டு பஸ் ஏறுகிறவர்களுக்கு என் இட்லியும் ஒன்றுதான், பக்கத்து வண்டி இட்லியும் ஒன்றுதான். ஒரு மாதத்துக்குள் என் தெருவுக்கு வேறொருத்தி கூடையோடு போக ஆரம்பித்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு வண்டியும் இல்லை, வண்டி வாங்கித் தர ஆளும் இல்லை.

மழை தூறிய ஒரு காலையில் வியாபாரமே ஆகவில்லை. பஸ் ஸ்டாண்டில் தகரக் கூரைக்குக் கீழே இருவரும் நின்றிருந்தோம். திடீரென்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மே, அந்தத் தெரு காலையில அப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியும்தானே? முன்னமே ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

சண்டைக்காகக் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் சொன்ன அன்றைக்கு அது அவர் காதில் விழவே இல்லை.