நான் உடைத்த வைரம்

என் மனைவியின் வைர மூக்குத்தியை உடைத்தவன் நான். அதோடு நின்றிருந்தால் முட்டாள்தனம் என்று போயிருக்கும். உடைந்த பிறகு, அது வைரமே இல்லை என்றும் சொல்லிவிட்டேன்.

அப்போது ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் இரசாயனவியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். மூக்குத்தி என் மாமியார் மகளுக்குத் தந்தது. கொழுந்து பறிக்கிற பொம்பளைக்கு வைரம் எங்கே கிடைத்தது, கண்ணாடிதானே என்று பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் மனைவி அழுதுகொண்டு உள்ளே வந்தாள். எனக்குப் பாடம் தலைக்கேறியது.

வைரத்தில் ஒவ்வொரு காபன் அணுவும் வேறு நான்கு அணுக்களை இறுகப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடி கல்லின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை எங்கும் விட்டுப்போவதில்லை. ஆகவே அடித்தால் கண்ணாடி நொறுங்கும், வைரம் அசையாது என்று கணக்குப் போட்டேன். அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, கல்லைக் கழற்றி அம்மியில் வைத்து, சுத்தியலால் ஒரு போடு போட்டேன்.

கல் துண்டு துண்டாயிற்று.

"நான் சொன்னேன்ல," என்றார் அக்கா.

"கண்ணாடிதான்," என்றேன் நான்.

அவர் போனதும் ஒரு துண்டை எடுத்து ஜன்னலில் கீறினேன். ஆழமாகக் கோடு விழுந்தது. கீறலுக்கு அசையாத வைரம், சில திசைகளில் அடி விழுந்தால் பிளந்துவிடும். பாடத்தின் அந்தப் பாதியை நான் மறந்திருந்தேன். ஆசிரியர் மானம் பெரிதல்லவா? கோட்டின்மேல் நாட்காட்டியை மாட்டினேன், துண்டுகளைத் தீப்பெட்டிக்குள் ஒளித்தேன். அம்மாவை யாரோ நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று மனைவி நம்பினாள். மாமியார் இறந்த பிறகும் அப்படியே நம்பினாள்.

இந்த வருடம்தான் தீப்பெட்டியோடு டவுனில் ஒரு நகைக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பேனா போன்ற ஒரு கருவியைத் துண்டின்மேல் வைத்தார். வெப்பம் வைரத்தில் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று பார்க்கும் கருவி அது. கீச்சென்றது.

"அசல் வைரங்க சேர். எவன் இப்படி நாசமாக்குனான்?"

தெரியவில்லை என்றேன். பழக்கதோஷம்.

பெரிய துண்டை மூக்குத்தியில் பதித்து வாங்கி வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கல்லு போனா போகுதுங்க. எங்கம்மாவ ஏமாளின்னு நெனச்சிட்டேனே," என்றாள்.

பிறகு என்னைப் பக்கத்து வீட்டுக்கு இழுத்துப் போய், முதலிலிருந்து சொல்ல வைத்தாள். அக்கா முழுவதையும் கேட்டார்.

"ஒங்கம்மா குடுத்தது வைரந்தான்டி. நான் பேசுனது தப்பு," என்றார் மனைவியிடம். நான் எழுந்து வெளியே போகும்வரை தம் மூக்குத்தியைக் கையால் பொத்தியபடியே இருந்தார்.