தராசைத் தூக்கிக்கொண்டு போன பரீதா மிஸ்ஸி

காலை ஏழு மணிக்கு என் பழைய மாணவி தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். "டீச்சர், பரீதா மிஸ்ஸி மௌத்தாகிட்டாவாம்" என்றாள். இறந்த செய்தியைச் சொன்னதும் அழத் தொடங்கிவிட்டாள். தேத்தண்ணீர் கொதித்த அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மிஸ்ஸி சாய்ந்தமருதுக்காரர், எங்கள் கல்லூரி மருத்துவ அறையின் தாதி. இதைப் படிக்கும் பழைய மாணவிகளே, அவரிடம் ஊசி போட்டுக்கொண்ட உங்களுக்கு அந்தக் கையும் தெரியும், வாயும் தெரியும். நான் அங்கே நடனம் கற்பிப்பவள். முதலில் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவேயில்லை. குற்றம் என்னுடையது.

நடன மண்டப வாசலில் ஒரு தராசு வைத்திருந்தேன். திங்கட்கிழமைதோறும் பிள்ளைகள் அதில் ஏறி நிற்க வேண்டும். நிறை கூடினால் முகம் சுளிப்பேன், குறைந்தால் மெச்சுவேன். அதிகம் மெச்சியது நாவிதன்வெளியிலிருந்து வந்த தர்சினியை. "இவளைப் பாருங்கடி" என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் ஒத்திகையில் அவள் கால் மடிந்து விழுந்தாள். மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனோம்.

"என்ன திண்ட மகள்?" என்று மிஸ்ஸி கேட்டார்.

"விரதம்."

"நேத்து?"

நேற்றும் விரதம், முந்தாநாளும் விரதம். விரதக்காரியை விடுதியில் யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. நானும் அதைப் பக்தி என்றே நம்பியிருந்தேன். மிஸ்ஸி என் பக்கம் திரும்பினார். "நானும் நோன்பு புடிக்கிற ஆள்தான் டீச்சர். நோன்பு எண்டா திறக்கிற நேரம் ஒண்டு இரிக்கும். இந்தப் புள்ளைக்கி அது எங்க?"

தர்சினி விம்மி அழுதாள். மாதவிடாய் நின்று ஐந்து மாதம் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தால், கால் எலும்பில் மெல்லிய வெடிப்பு. இனி ஆடுவாளா என்பதை எலும்பு கூடியபின்தான் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

அப்போதும் எனக்கு ரோசம். ஆடுகிறவள் மெலிவாக இருக்கத்தானே வேண்டும் என்று வாதாடினேன். மிஸ்ஸி விட்டாரா? "மெலிவு வேற, சுகம் வேற. பொம்புள உடம்புக்குக் கொழுப்பும் வேணும். பட்டினி கெடந்தா மாதமும் நிக்கும், எலும்பும் பலம் கெடும். இதெல்லாம் உங்கட தராசுக்குத் தெரியுமா?" மறுநாள் வந்து தராசை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார். அது இருந்த இடத்தில் ஒரு பேரீச்சம்பழ டப்பாவை வைத்தார்.

அதன்பின் தினமும் மத்தியானம் தன் சோற்றுப் பொதியோடு தர்சினியின் முன் வந்து உட்காருவார். அவள் ஒரு கவளம் எடுக்கும்வரை தானும் தொடமாட்டார். "எனக்கும் பசிக்கிது புள்ள, கெதியாத் தின்" என்பார்.

அடுத்த வருடம் தர்சினி மேடை ஏறினாள். முன்வரிசையில் இருந்த மிஸ்ஸி என் காதில் சொன்னார்: "ஆட்டம் எனக்கு விளங்கல்ல டீச்சர். கன்னம் வந்திரிக்கி, அது போதும்."

ஜனாஸாவை அடக்கம் செய்ய ஆண்கள் எடுத்துக்கொண்டு போனபின் நானும் தர்சினியும் மிஸ்ஸியின் வீட்டு முற்றத்தில் நின்றோம். இன்று அவளும் ஒரு நடன ஆசிரியை.

"என்ன சாப்பிட்டீங்க டீச்சர்?"

"ஒண்டுமில்ல."

கைப்பையிலிருந்து இரண்டு பேரீச்சம்பழம் எடுத்தாள். ஒன்றை என்னிடம் தந்தாள், மற்றதை வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். "எனக்கும் பசிக்குது டீச்சர், கெதியா நோன்பத் திறங்க."

அழுதுகொண்டே சாப்பிட்டேன். மிஸ்ஸி, உங்கள் கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். இனித் திங்கட்கிழமைகளில் மண்டப வாசலில் நின்று நான் கேட்பேன்: "என்ன திண்ட மகள்?"