உஸ்மா உரிக்காத மேல்தாள்

உஸ்மா தேய்த்து ஒட்டிய எழுத்தைச் சூறாவளி வந்தாலும் பிரிக்க முடியாது. ஆட்டோ பறந்துபோகும், எழுத்து அந்தரத்தில் நிற்கும். சரி, இதில் பாதி புளுகு. மீதியை நம்பலாம்.

திருவண்ணாமலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் அவளுடைய ஸ்டிக்கர் கடை. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். முக்காட்டைக் காதோரம் செருகிக்கொண்டு, பிளாஸ்டிக் தகட்டால் கண்ணாடியைத் தேய்த்தபடியே ஆட்டோக்காரர்களுக்கு ஆங்கிலப் பாடம் நடத்துவாள். ஒரு வண்டிக்கு ஒரு வினைச்சொல். ஆட்டோ ஓட்டும் அருணாதேவிக்கு வாய்த்தது ‘ஸ்டிக்’.

“கண்ணாடில ஒட்டுனா ஸ்டிக். சேத்துல மாட்டிக்கினா ஸ்டக். ஊசி குத்துனாலும் ஸ்டிக்தான், நாக்கை நீட்டுனாலும் ஸ்டிக்தான். சொன்ன பேச்சுல நின்னா ஸ்டிக் டு. ஒருத்தர உட்டுட்டுப் போவாம கூடவே இருந்தா ஸ்டிக் வித். இன்னும் ஜாஸ்தி இருக்கு, இன்னிக்கு இது போதும்.”

அருணாதேவி வாய் பிளந்து நின்றாள். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியம் கத்தரிக்காய் மூட்டை, சாயங்காலம் கிரிவலக்காரர்கள் என்று அவள் ஆட்டோ ஓடுவதுபோல இத்தனூண்டு சொல்லும் ஓடுகிறதே!

உஸ்மாவிடம் ஒரு கிறுக்கு உண்டு. ‘இங்கிலீஷ் பேசப்படும்’ என்ற எழுத்தை ஒட்டிக் கொடுப்பாள். அதன்மேல் இருக்கும் வெள்ளைத் தாளை மட்டும் உரிக்கமாட்டாள். ஓட்டுநர் வெளிநாட்டுப் பயணியோடு பேசி, அவரையே கடைக்கு அழைத்துவந்து காட்ட வேண்டும். பிறகு தன் கையாலேயே உரிப்பாள். பெற்ற அப்பா ஜானி பாஷாவைக்கூட அந்த வேலைக்கு அண்டவிட்டதில்லை.

“இன்னா அருணா, வண்டிக்குக் கண்புரையா? ஆபரேஷன் எப்போ?” என்று ஆட்டோ ஸ்டாண்டில் சக ஓட்டுநர் கண்ணாயிரம் கிண்டலடித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த எழுத்துள்ள வண்டியைத்தான் பெரிய லாட்ஜ் வாசலில் நிறுத்த விடுவார்கள். அங்கே ஒரே ஓர் இடம்தான் மீதி. கண்ணாயிரத்துக்கும் அதன்மேல் கண்.

நேற்று மாலை அவள் ஆட்டோ கடைமுன் வந்து நின்றது. பின்னிருக்கையில் நரைத்த தலையும் சேற்றுக் காலுமாக ஒரு வெள்ளைக்காரம்மா.

“உஸ்மாக்கா! அடி அண்ணாமலை தாண்டி மழைல வண்டி சேத்துல பொதைஞ்சிடுச்சு. ‘வீ ஆர் ஸ்டக்’னேன். இந்தம்மா பயந்துட்டாங்க. ‘ஐ வில் ஸ்டிக் வித் யூ’னு சொல்லி, டிராக்டர் வந்து இழுக்கற வரிக்கும் பக்கத்துலயே குந்திக்கினு இங்கிலீஷ்லயே பேசுனேன். வாயே மூடல!”

உஸ்மா தாளின் மூலையை நகத்தால் கிளப்பினாள். மெய்தானா என்று அந்த அம்மாளிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“எனக்குத் தமிழ் வரும்மா. ரொம்ப வருஷமா இந்த ஊர்தான்.”

அருணாதேவியின் முகம் செத்துப்போயிற்று. அப்படியானால் இது கணக்கில் சேராதா? உஸ்மாவின் நகம் மூலையிலேயே நின்றது.

“தமிழ் தெரியும்னு நீங்க ஏம்மா அப்பவே இவகிட்ட சொல்லல?” என்றாள் உஸ்மா.

“ஆசையா பேசுச்சு, கேட்டுக்கினு இருந்தேன். ஆனா வாயே மூடலன்னு சொல்லுதே, அது பொய். பாதி நேரம் நாங்க பேசவே இல்ல. மேகம் விலகி மலை தெரிஞ்சுது. ரெண்டு பேரும் அதையே பாத்துக்கினு இருந்தோம். என் கையை மட்டும் இது உடல.”

உஸ்மா தாளின் மூலையை அருணாதேவியின் விரல்களுக்கு நடுவே வைத்துவிட்டுத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.