குச்சி பொறுக்கிய கை

வட்டவளைக்கு மேலே, எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக எனக்கு ஒரே வேலைதான். காய்ந்த தேயிலைத் தூளில் கிடக்கும் குச்சிகளைப் பொறுக்கி வீச வேண்டும். ஒன்று தப்பினாலும் ஏச்சு விழும்.

போன மாதம் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு மிஸ் வந்தார். இனிமேல் தனக்குக் குச்சிதான் வேண்டும், தூளை நீக்கிவிட்டு மூட்டை கட்டுங்கள் என்றார். மாலையில் மூட்டையைப் பிரித்தவர் சிரித்துவிட்டார். உள்ளே முழுக்கத் தூள். குச்சியெல்லாம் என் காலடியில் கிடந்தது.

“நான் சொன்னா இந்தக் கை கேக்குதுங்களா?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் ஒரு போத்தலைத் திறந்து காட்டினார். கோதுமை மாவைவிட வெள்ளையாக ஏதோ இருந்தது.

“ஒங்க குச்சிதான் அக்கா. வேகவச்சு, வெளுத்து, அரைச்சிருக்கோம். மாத்திரைக்குள்ள மருந்து கொஞ்சந்தான். அதை உதிராமப் புடிச்சு வைக்கிறது இதுதான்.”

மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

“தேயிலை வாசம் எங்கங்க போச்சு?”

“அதைப் போக்குறதுதான் அக்கா எங்க வேலையே.”

வாசத்தைக் காப்பாற்றத்தானே நாங்கள் இத்தனை வருடம் ஏச்சு வாங்கினோம்?

நேற்று விரல்வலிக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை கொடுத்தார்கள். அதை நுணுக்கி உள்ளங்கையில் பரப்பினேன். எதை வைத்துக்கொள்வது, எதை வீசுவது என்று விரல்களுக்குத் தெரியவில்லை.